சோற்றுப் பெட்டி திரும்பி வந்தது

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வந்தபோது கலாராணிக்குக் கோபம் வந்தது. அவள் புருஷன் திவாகரனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயிறு சரியில்லை என்று ஐயா சொன்னார், அதை அப்படியே வந்து ஒப்பித்தான். புதன்கிழமையும் பெட்டி நிறைந்தபடியே வந்தது. விரதமாம். கந்தசஷ்டி முடிந்து ஒரு மாதம் ஆகிறது, இதென்ன புது விரதம் என்று கலாராணி கேட்டாள். பொலொஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறியில் உப்புக் கூடிப்போயிற்றோ என்று தானே எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மூன்றாவது தடவையும் பெட்டி கனமாகக் கைக்கு வந்தபோதுதான் திவாகரனுக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவை ஐயா காரணம் எதுவும் சொல்லவில்லை. பெட்டியைக் கொடுத்தார், அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

ஐயா என்றால் அம்பிகைபாகன். யாழ்ப்பாணத்து மனிதர், ஐம்பத்தெட்டு வயது, குண்டசாலையில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்ற நில அளவையாளர் என்று வீட்டுக்காரி நம்புகிறாள். கலாராணியும் அப்படித்தான் நம்பினாள். ஒண்டிக்கட்டை, பாவம் என்று காலையில் வேலைக்குப் போகுமுன் தன் சமையலில் ஒரு பங்கைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவாள். அவர் அளந்தது நிலத்தை அல்ல. கூலிக்கு ஆளை முடிப்பது அவர் தொழில். திவாகரன் ஊருக்கு அவருடைய ஆட்டோக்காரன். உண்மையில் பதினாலு மாதமாக அவரிடம் அந்தத் தொழிலைப் பழகுகிறவன்.

முப்பத்துமூன்று வயதில், கட்டிய பெண்டாட்டி வீட்டில் இருக்க, எவனாவது இப்படி ஒரு தொழில் பழகப் போவானா என்று கேட்கலாம். போனான். குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஆட்டோ நிறுத்தும் இடத்துக்காக மூன்று பேர் அவனைப் போட்டு அடித்த நாளில், பின் ஆசனத்தில் இருந்த இந்த மனிதர் இறங்கி, மடக்கிய குடை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று பேரையும் தரையில் உட்கார வைத்தார். மறுநாள் அவர்கள் திவாகரனைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு விலகினார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, டவுனில் எல்லோருக்கும் வழிவிட்டே பழகியவனுக்கு அந்தத் தலைகுனிவு சாராயம்போல ஏறிவிட்டது. மடையன், வேறென்ன சொல்ல.

அம்பிகைபாகனிடம் சில நியமங்கள் இருந்தன. ஏன் என்று கேட்கக் கூடாது. யார் என்பதை வேலை முடியும்வரை கூட இருப்பவனுக்கும் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரை முடிப்பதாக ஒப்புக்கொண்ட நிமிஷத்திலிருந்து அவர் கையால் பச்சைத் தண்ணீரும் குடிக்கக் கூடாது. மாத்தளையில் ஒரு மனிதர் இவர்களுக்கு வாசலில் வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஐயா அதை வாங்கி, அவர் திரும்பிய நேரத்தில் பூஞ்செடிக்கு ஊற்றியதைத் திவாகரன் கண்ணால் கண்டான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சின்ன வயதில் படித்ததை அவர் இந்த விதமாகக் கடைப்பிடித்தார். கழுத்தை அறுப்பவனுக்கு ஆசாரம் வேறு. ஆனால் அன்றைக்குத் திவாகரன் அதைப் பெரிய நாணயமென்று நினைத்து மெய்சிலிர்த்தான்.

இப்போது சிலிர்த்தது வேறு விதமாக. மூன்று நாள். மூன்று பெட்டி. அப்படியானால் பெயர் வந்திருக்கிறது. யாருடைய பெயர்?

முதலில் தன்னைத்தான் நினைத்தான். வெள்ளிக்கிழமை கடையில் ரொட்டியும் சம்பலும் வாங்கித் தன் கையால் கொடுத்துப் பார்த்தான். ஐயா இரண்டு ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதையும் கேட்டார். சனிக்கிழமை தானே சோறும் பருப்பும் ஆக்கி, அதே பெட்டியில் போட்டு, இன்றைக்குச் சமையல் நான்தான் என்று சொல்லிக் கொடுத்தான். ஐயா ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பருப்பு வேகவில்லை என்று குறை வேறு சொன்னார்.

ஆட்டோவில் வந்து உட்கார்ந்தவனுக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. அவன் கைச்சோறு இறங்குகிறது, கடைச்சோறு இறங்குகிறது. கலாராணியின் கைச்சோறுதான் இறங்கவில்லை.

ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவளை யார் கொல்லச் சொல்வான்? கண்டியில் காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் லிகிதராக இருக்கிறாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்தபோது அவளே சொன்னாள். நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்திருக்கிறது. குண்டசாலைப் பக்கம் ஒரு பெரிய காணி. அது தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதாக ஒரு முதலாளி உறுதிப் பத்திரம் ஒன்றைக் காட்டுகிறான். அதில் சாட்சிகளாக இருக்கும் இரண்டு கையெழுத்தும் கள்ளம். தான் அப்படி ஓர் உறுதியில் கையெழுத்து வைக்கவே இல்லை என்று அடுத்த வியாழனுக்கு அடுத்த வியாழக்கிழமை போய்ச் சொல்ல வேண்டும்.

“ரெண்டாவது சாட்சி யாரு?” என்று திவாகரன் கேட்டான். கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது.

“ரஸீன் நானாதான். அவரு இருந்தா எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.”

ரஸீன் அவளோடு வேலை செய்தவர். ஒரு மாதத்துக்கு முன் கடுகண்ணாவையில் ரயில் பாதையோரம் செத்துக் கிடந்தார். தவறி விழுந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்குப் பின்னேரம் கடுகண்ணாவையில் ஒரு பேக்கரிக்கு எதிரே ஆட்டோவில் காத்திருந்தவன் திவாகரன். நீலக் கோடுபோட்ட சேட்டு அணிந்தவர் பாணும் கையுமாக வெளியே வந்ததும் ஒரு மிஸ் கோல் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. கொடுத்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தான். மறுநாள் கலாராணி அழுதுகொண்டே மையத்து வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். அங்கே யாரோ அவனையும் மரியாதையாக உள்ளே அழைத்து முகம் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தான். பேக்கரி வாசலில் கண்ட அதே முகம். உள்ளே ரஸீனின் மனைவி கைரியாவைக் கட்டிக்கொண்டு கலாராணி அழுத சத்தம் வாசல்வரை கேட்டது. கண்டி சின்ன ஊர், இப்படியும் நடக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது. அதை அமுக்கி வைத்தான்.

இனி அமுக்க முடியாது. அந்த உறுதியில் இருந்த இரண்டு பெயரில் ஒன்றை அவன் தன் பெருவிரலால் அழித்திருக்கிறான். மிச்சம் இருப்பது அவன் பெண்டாட்டி.

அவளை அட்டனில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் இருக்கச் சொன்னான். வழக்கு இருக்கும்போது எப்படிப் போவது என்றாள். வழக்குக்குப் போகாதே என்றான். ஏன் என்று கேட்டாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்வதானால் ரஸீனில் இருந்து தொடங்க வேண்டும். அதைச் சொன்னால் அவள் உயிர் தப்பும், அவள் தனக்கு இல்லாமல் போவாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வாய் திறக்கவில்லை. அவள் உயிரைவிடத் தன் மானத்தைப் பெரிதாக நினைத்தானா என்றால், ஆமாம், அந்த நாட்களில் அப்படித்தான் நினைத்தான்.

ஆகவே காவல் காத்தான். காலையில் அலுவலகத்தில் இறக்கி, மாலையில் ஏற்றி, இடையில் அந்தத் தெருமுனையிலேயே நின்றான். ஐயாவிடம் ஆட்டோ பழுது, டயர் பழுது என்று தினம் ஒரு பொய். ஐயா ஒன்றும் கேட்கவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. விடியவே கொடுத்து இரவில் எடுக்கும் பெட்டி மட்டும் ஒவ்வொரு நாளும் நிறைந்தபடியே திரும்பி வந்தது. தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் கண்டுகொண்டாரா, தெரிந்தாலும் என்ன செய்துவிடுவான் என்று நினைக்கிறாரா? இரவில் கலாராணி புரண்டு படுத்தாலும் அவன் எழுந்து ஜன்னலைப் பார்த்தான். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இவன் இன்னும் அரைப் பாம்பு, கால் எங்கே இருக்கிறதென்று தடவிக்கொண்டிருந்தான்.

வழக்குக்கு முதல் நாள் ஐயா அவனைக் கூப்பிட்டார். நாளைக்கு ஏழரைக்கு வா, நீதிமன்றப் பக்கம் ஒரு வேலை என்றார். பிறகு சாதாரணமாக ஒன்று கேட்டார்.

“உன்ர மனுசி நாளைக்கு எத்தினை மணி பஸ்ஸுக்குப் போறவ?”

எட்டரைக்கு நீதிமன்ற வாசலில் இறங்குவாள் என்று உண்மையைச் சொல்லிவிட்டான். பொய் வரவில்லை. ஆனால் அந்த நொடியில் முடிவு செய்துவிட்டான். ஐயா நாளைக்குக் கண்டி போய்ச் சேரக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் கலாராணியைக் கூட வேலை செய்யும் நிலூஷாவோடு பஸ்ஸில் அனுப்பினான். வீல் ஸ்பேனரைத் தன் ஆசனத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு ஐயாவை ஏற்றினான். தென்னக்கும்புரப் பாலத்துக்கு முன்னால் ஆற்றுப் பக்கம் இறங்கும் மண்பாதையில் ஆட்டோவைத் திருப்பியபோது பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மூங்கில் புதருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஸ்பேனரோடு இறங்கினான். ஐயா குடையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“அவ பேரு உங்ககிட்ட வந்திருக்கா?” என்றான்.

“ஓம். வந்தது. கடுகண்ணாவை நிரோஷன் மூலமாத்தான்.”

நிரோஷன் என்பவன் அங்கே பழைய வாகனம் வாங்கி விற்கிறவன். ஐயாவுக்கு வேலை எல்லாம் அவன் வழியாகத்தான் வரும்.

“அவளின்ர உப்பைத் திண்டவன் நான், அவளை முடிக்க என்னால ஏலாது. நான் ஏற்கேல்லை எண்டா அண்டைக்கே வேற ஆளிட்டக் குடுத்திருப்பான்,” என்று ஐயா தொடர்ந்தார். “அதாலதான் வாங்கி வச்சு நாளைக் கடத்தினனான். வழக்கு முடிஞ்சால் அவளைக் கொல்லுறதால ஒருத்தனுக்கும் பிரயோசனம் இல்லை.”

“அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லாமல்? ஒவ்வொரு நாளும் பெட்டியை நிறையத் திருப்பி அனுப்பினனான். அந்த நியமம் தெரிஞ்சவன் உலகத்தில நீ ஒருத்தன்தான். அவளைக் கூட்டிக்கொண்டு எங்கையாவது போவாய் எண்டு பார்த்தால், நீ எனக்கு ரொட்டி வாங்கித் தந்து சோதனை வைக்கிறாய்.”

பேரைச் சொல்லக் கூடாது என்பது நியமம் என்பதால் வாயால் சொல்லாமல் வயிற்றால் சொன்னாராம். திவாகரனுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நம்பலாமா? அடிக்க ஓங்கியவன் முன்னால் எந்த மனிதனுக்கும் நாக்கில் தேன் ஊறும், அதைக் கேட்டு நிற்காதே என்று படித்துக் கொடுத்ததே இவர்தான். இப்போது அந்தத் தேன்தான் சொட்டுகிறதா?

“நேற்று நிரோஷனுக்குச் சந்தேகம் வந்திட்டுது,” என்றார் ஐயா. “இண்டைக்கு வாசலில முடிக்கிறன் எண்டு சொன்னனான். அவன் நம்பேல்லை. வேற ஆள் விட்டிருப்பான். இப்ப எட்டு மணி. என்னை அடிக்கிறதெண்டால் கெதியா அடிச்சுப்போட்டு நீயாவது போ.”

அடித்தால் ஒரு ஆள் குறையும். ஆனால் இவர் சொல்வது உண்மையென்றால், வாசலில் நிற்பவனை இவரைத் தவிர வேறு யாருக்கு அடையாளம் தெரியும்? ஸ்பேனரை ஆசனத்துக்கடியில் எறிந்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பினான். பாலம் தாண்டி வாவிக்கரை வரும்வரை பிடரி குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூட வாகனங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. நடைபாதை ஓரமாக ஆட்டோவை ஏற்றி, நாலு பேரிடம் திட்டு வாங்கி, எட்டரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது நீதிமன்றத் தெருவுக்கு வந்தான்.

கறுப்புக் கோட்டுகளும் கோப்புகளுமாக வாசல் நிறைந்திருந்தது. எதிர்ப்பக்கம் பஸ் நின்றது. கலாராணி இறங்கினாள், பின்னால் நிலூஷா.

“மதிலோரம் சிவப்பு பைக்,” என்றார் ஐயா மெதுவாக. “எஞ்சின் ஓடுது. ரெண்டு பேரும் ஹெல்மெட் கழட்டேல்லை. பின்னால இருக்கிறவன்ர வலக்கை ஜக்கெட்டுக்குள்ள. இடி.”

திவாகரன் பார்த்தான். இரண்டு பையன்கள். யாரையோ இறக்கிவிட்டுக் காத்திருப்பவர்களாகவும் இருக்கலாம். சத்தம் ஒரு பக்கம், வேலை மறுபக்கம் என்பது ஐயாவின் வழக்கமான முறை. மாத்தளையில் அப்படித்தான் செய்தார். இவன் போய் அப்பாவிப் பையன்களை இடிப்பான், கூட்டம் இவனை மொய்க்கும், அந்த நேரத்தில் அவர் இறங்கி நாலு எட்டு நடந்தால் போதும், கலாராணி அங்கே நிற்கிறாள். இதற்காகத்தான் இவ்வளவு கதையும் சொன்னாரா?

கலாராணி தெருவைக் கடக்கக் கால் வைத்தாள். பைக் மெல்ல நகர்ந்தது, அவளை நோக்கி. பஸ்ஸை நோக்கியும் என்று சொல்லலாம். பின்னால் இருந்தவனின் முழங்கை உயர்ந்தது.

யோசிக்க நேரம் இருந்திருந்தால் திவாகரன் யோசித்துக்கொண்டே நின்றிருப்பான். ஹாண்டிலை ஒடித்தான். ஆட்டோ பைக்கின் நடுவயிற்றில் போய் மோதிக் கவிழ்ந்தது. வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. கண்ணாடி உதிர்ந்தது. தெருவில் முகம்குப்புறக் கிடந்த திவாகரன் தலையை நிமிர்த்தியபோது, கைத்துப்பாக்கி பிடித்த ஒரு கையை ஐயா முழங்காலால் தார் ரோட்டில் அழுத்திக்கொண்டிருந்தார். குடைக்காம்பு அந்தப் பையனின் தொண்டையில் இருந்தது. பொலிஸ்காரர்கள் வாசலிலிருந்து ஓடி வந்து பையன்கள் இருவரையும் அமுக்கினார்கள். அதற்குப் பிறகு ஐயாவைக் காணவில்லை. எப்போது எழுந்தார், எந்தப் பக்கம் போனார் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கூட்டத்துக்குத் திவாகரன் வீரனாகிவிட்டான். பெண்டாட்டியைக் காப்பாற்ற ஆட்டோவையே கொண்டுபோய் மோதியிருக்கிறான் என்று சிங்களத்தில் ஒருவருக்கொருவர் சொல்லி வியந்தார்கள். யாரோ தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள். ஒரு சார்ஜன்ட் அவன் தோளைத் தட்டி, படியில் உட்கார வைத்தார். கலாராணி பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கிழிந்த அவன் கையில், தான் முகம் துடைக்கும் லேஞ்சியைச் சுற்றினாள். அவள் உயிரோடு இருந்தாள். அவனுக்கு அது போதும்போல இருந்தது.

“அவன்கிட்ட துவக்கு இருக்குன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

கேட்கத்தானே செய்வாள். பார்த்தேன், சந்தேகமாக இருந்தது, இடித்தேன் என்று சொல்லலாம். எல்லோரும் நம்புவார்கள், அவளும் நம்புவாள். ஆனால் நிரோஷன் கடுகண்ணாவையில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறான். வழக்கு இன்றைக்குத் தள்ளிப்போனால் நாளைக்கே இன்னொரு பைக் வரும். அவன் பெயரைச் சொல்லாமல் இவளைக் காப்பாற்ற முடியாது. தன் பெயரைச் சொல்லாமல் அவன் பெயரைச் சொல்லவும் முடியாது.

சொன்னான். ஐயா யார், பெட்டி ஏன் திரும்பி வந்தது, தான் பதினாலு மாதமாக என்ன பழகினான் என்று, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி, தலையை நிமிர்த்தாமல் சொன்னான். அவள் லேஞ்சியின் முனைகளைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைக் கொல்ல வந்தவர்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“ரஸீன் நானா?” என்றாள்.

“மிஸ் கோல் குடுத்தது நாந்தான்.”

“என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு போனீங்களே.”



கலாராணி கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அரைகுறையாக விட்டுவிட அவளுக்குத் தெரியாது. எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். சார்ஜன்ட்டைக் கூப்பிட்டு, நிதானமான சிங்களத்தில், இவர் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். இவர் சொல்லாவிட்டால் சாட்சி சொல்லிவிட்டு வந்து நான் சொல்வேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். பிறகு நிலூஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று திவாகரன் நினைத்தான். பார்க்கவில்லை.

சார்ஜன்ட் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, உள்ளே போன அந்த நோனாவின் புருஷன்தானே என்று இன்னும் சிரித்த முகத்தோடே கேட்டார். திவாகரன் முதலில் ரஸீனின் பெயரைச் சொன்னான்.